உட்கார்ந்து அடித்த தாள்

மரக்காணம்
12-6-2005

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், அம்மா, வெயில் மூவரும் சௌக்கியம். அப்பாவைச் சேர்க்காததற்குக் காரணம் கீழே வருகிறது. ஆபீஸ் ஏ.சி.யில் உட்கார்ந்து சளி பிடித்துவிட்டதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, தேவலையா? அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கவலைப்படுவார் என்று பார்த்தால், "எம் பொண்ணுக்கு ஏசியில சளி புடிச்சிக்கிச்சாம்" என்று உப்பளத்தில் நாலு பேரிடம் பெருமையடித்துவிட்டு வந்தார்.

அவர் கால் மறுபடி வெடித்துவிட்டது. பகலெல்லாம் உப்புத் தண்ணீரில் நிற்பது போதாதென்று ராத்திரியும் மோட்டார் கொட்டகையில் கிடக்கிறார். போன வருஷம் உப்புக் கிணறு வற்றியது தெரியாமல் மோட்டார் வெறுமனே ஓடி உள்ளே காயில் கம்பி எரிந்ததே, அன்றிலிருந்து முதலாளி ராஜவேல் பொழுது சாய்ந்ததும் "சடையப்பா, மோட்டார் உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுகிறார். அப்பா அங்கே இருக்கிற மர ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதும், எழுந்துபோய்ச் சேற்றில் இறங்கிக் கிணற்றை எட்டிப் பார்ப்பதுமாக விடிகிறது. "ராத்திரியாவது கால் காயணும். இல்லன்னா விரலை எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் தனக்கோடி அண்ணன் டி.வி. கடையில் வேலை முடிந்த பிறகு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். கிணற்றுக்குள் இரண்டு கம்பி தொங்கும். தண்ணீர் கம்பியை விட்டு இறங்கினால் மோட்டார் தானாக நின்றுவிடும். ஒயர்களைப் பற்றவைத்துக் கட்டிப் பார்த்தேன். ஒரு வாரம் அருமையாக வேலை செய்தது. பிறகு உப்புக்காற்றில் ஒயரெல்லாம் பச்சை பூத்து உதிர்ந்துவிட்டது. செம்பு ஒட்டிய போர்டில் கோடுகளாக எடுத்து, மேலே வார்னிஷ் அடித்தால்தான் தாங்கும்.

கோடுகளைத் தாளில் பிரிண்ட் எடுத்து, போர்டை உப்புத்தாளால் தேய்த்து, தாளைக் கவிழ்த்து வைத்து இஸ்திரி போட வேண்டும். தாளை ஊறவைத்து உரித்தால் கறுப்பு மட்டும் செம்பில் ஒட்டி நிற்கும். பிறகு மருந்துத் தண்ணீரில் போட்டால் கறுப்பு மூடாத செம்பெல்லாம் கரைந்துவிடும். ஷஃபியின் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துச் செய்து பார்த்தேன். அது மை பிரிண்டர்; செம்பில் ஒட்டவில்லை, அம்மா புடவையில்தான் ஒட்டியது. லேசர் பிரிண்டர்தான் வேண்டுமாம். அதில் மை கிடையாது, பொடி, சூட்டில் உருகும். நம் ஊரில் லேசர் இல்லை. உன் ஆபீஸில் இருக்கிறதே! படம் உள்ள பிளாப்பியை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு தாள் எடுத்து அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஜெயசீலன்


சைதாப்பேட்டை
20-6-2005

தம்பி சீலனுக்கு அக்கா மலர்கொடி எழுதுவது. சளி போய்விட்டது. அப்பா காலை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. விரல் கிரல் என்று டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொல்லித் தொலைக்காதே.

நீ கேட்டதை எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் தூங்கி வழிந்துகொண்டே வரைந்தாயா? அப்பா பேர், MOTOR, எல்லாம் இடவலம் மாறிக் கிடந்தது. மனை விளம்பரம் அடித்து அடித்துக் கண் பழகிவிட்டதால் உடனே கண்டுபிடித்துவிட்டேன். மொத்தப் படத்தையும் திருப்பி நேராக்கி, ஆபீஸ் லெட்டர்பேடுக்கு வைத்திருக்கும் கெட்டித் தாளில் எடுத்திருக்கிறேன். நன்றியெல்லாம் வேண்டாம்.

அம்மாவுக்கு என் அன்பு.
மலர்


மரக்காணம்
27-6-2005

அன்புள்ள டி.டி.பி. மேதைக்கு,

எல்லோரும் இருந்தபடி இருக்கிறோம். உன் புத்திசாலித்தனத்தால் ஒரு போர்டு பாழ். அது திரும்பித்தான் இருக்க வேண்டும் தாயே! கவிழ்த்து ஒட்டுகிறோம் இல்லையா, அப்போதுதான் செம்பில் நேராக விழும். பார்க்காமல் அப்படியே மருந்தில் போட்டுவிட்டேன். இப்போது ஐ.சி. சில்லின் கால் ஒவ்வொன்றும் அடுத்த வீட்டு வாசலில் நிற்கிறது. அம்மா அந்தப் போர்டைப் பார்த்து, "கண்ணாடியில பார்த்தா சரியா இருக்குமாடா?" என்று கேட்டார்.

இன்னொன்று, அந்தக் கெட்டித் தாள் சரிப்படவில்லை. ஊறவைத்து உரித்தால் அங்கங்கே கறுப்பும் தாளோடு வந்துவிடுகிறது. சாதாரணத் தாளில் திருப்பியபடியே எடுத்து அனுப்பு. சீக்கிரம். அப்பா நேற்று வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தார்.

ஜெயா


சைதாப்பேட்டை
6-7-2005

தம்பிக்கு,

சுகம்தானே? கோபித்துக்கொள்ளாதே, எழுத்து தப்பாக இருந்தால் கை தானாகத் திருத்திவிடுகிறது. இந்த முறை தொடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எடுத்தேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, கோலமா?" என்றார். ஆமாம் சார் என்று சொல்லிவைத்தேன். அடிக்கடி முடியாது. இந்த லேசர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதை அவர் புது மாப்பிள்ளை மாதிரி கவனிக்கிறார். ஸ்டிக்கர் தாள் எல்லாம் விடக் கூடாது, உள்ளே சூடு அதிகம் என்று சர்வீஸ்காரர் வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

புது நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், சுற்றுகிற நாற்காலி. அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

மலர்


மரக்காணம்
14-7-2005

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா உன் நலம் கேட்கிறார். நாற்காலி சமாச்சாரம் சொன்னேன். அப்பா, "சுத்துதாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மறுநாள் வழியில் பார்த்த ஆள் ஒருவர் என்னிடமே, "ஒங்க அக்காவுக்குச் சுத்தற நாற்காலியாமே" என்கிறார்.

சாதாரணத் தாளும் தோல்வி. நாராகப் பிய்ந்து வருகிறது, பாதிக் கோடு அறுந்துவிட்டது. நெயில் பாலிஷ் வைத்து ஒட்டுப்போட்டுப் பார்த்தேன், ஐ.சி. கால்களுக்கு நடுவே எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டது. பாண்டி சண்டே மார்க்கெட்டில் ஒருவரிடம் விசாரித்தேன். பளபளவென்று இருக்கும் போட்டோ பேப்பர்தான் சரி, கறுப்பு வழுக்கிக்கொண்டு கழன்று செம்பில் ஒட்டும் என்றார். ஒரு கட்டு வாங்கிவிட்டேன். கொஞ்சம் இதோடு அனுப்பியிருக்கிறேன்.

சர்வீஸ்காரர் சொன்னது ஸ்டிக்கருக்கு. இது ஸ்டிக்கர் இல்லை. சாக்குப்போக்குச் சொல்லாமல் மிஷினில் விடு அக்கா. உனக்கென்ன, உட்கார்ந்த இடத்தில் ஒரு பட்டனை அழுத்துகிறாய். இங்கே ஒருத்தர் நின்று நின்றே காலை இழக்கப் போகிறார்.

ஜெயசீலன்


மரக்காணம்
3-9-2005

அக்காவுக்கு,

நாங்கள் நலம். உனக்கு என்ன ஆயிற்று? ஆடி போய் ஆவணியும் பாதி போய்விட்டது. ஒரு வரி இல்லை. ஆபீஸுக்குப் போன் போட்டேன். யாரோ எடுத்து, "அவங்க இல்லைங்க" என்று வைத்துவிட்டார்கள். லீவில் இருந்தாயா? ஊருக்கும் வரவில்லை. முடியாது என்றால் முடியாது என்று எழுதியிருக்கலாம். இந்த வருஷ உப்பு முடியப்போகிறது. அடுத்த வருஷம் தை பிறந்து மோட்டார் ஓட ஆரம்பிப்பதற்குள் இதை முடிக்காவிட்டால் அப்பா மறுபடி கொட்டகைக்குப் போய்விடுவார். டாக்டர் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது.

ஜெயசீலன்


சைதாப்பேட்டை
19-9-2005

தம்பிக்கு,

உன் கடிதம் தாமதமாகத்தான் கைக்கு வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். இனி ஆபீஸ் விலாசத்துக்கு எழுதாதே, ஹாஸ்டலுக்கே எழுது. ஆபீஸுக்குப் போனும் வேண்டாம், அங்கே அதெல்லாம் பிடிக்காது.

ஆபீஸ் பிரிண்டர் ரிப்பேர். போட்டோ பேப்பர் சரிப்படாது, விட்டுவிடு. முன்பு எடுத்ததில் ஒரு தாள் என்னிடம் இருந்தது. அதை ஒரு ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். அதிலும் இதே மாதிரிப் பொடிதானாம்.

அப்பா காலுக்கு அம்மா ஏதோ எண்ணெய் காய்ச்சுவாரே, அது என்ன? ஹாஸ்டலில் ஒரு தோழிக்குக் கால் வீங்கி, குதிகால் வெடித்திருக்கிறது. பாவம், வேலை அப்படி.

கை ஓய்கிறது. பிறகு எழுதுகிறேன்.
மலர்


மரக்காணம்
2-10-2005

அக்காவுக்கு,

வானம் மூடிக்கொண்டு நிற்கிறது, மற்றபடி சுகம். ஜெராக்ஸ் உதவவில்லை. மிஷின் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டது, ஐ.சி. கால்கள் துளையில் இறங்க மறுக்கின்றன. கறுப்பும் வெளுத்து, இஸ்திரி போட்டால் திட்டுத்திட்டாக ஒட்டுகிறது. இத்தனை பெரிய ஆபீஸில் இன்னுமா பிரிண்டரை ரிப்பேர் செய்யவில்லை? சும்மா கேட்டுப் பாரேன், வாயில் கொழுக்கட்டையா?

அம்மா சொல்லச் சொன்னது: வேப்பெண்ணெயைச் சூடாக்கி, மெழுகு கரைத்து, மஞ்சள் தூள் போட வேண்டும். கால் வீக்கத்துக்கு வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் காலை வைக்க வேண்டும். உன் தோழிக்கு என்ன வேலை? எங்கேயாவது உட்காரச் சொல்.

அப்பா உன் ஆபீஸ் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்.

ஜெயா


சைதாப்பேட்டை
5-11-2005

அன்புத் தம்பிக்கு,

இங்கே ஒரே மழை. ஹாஸ்டல் வாசலில் முழங்கால் தண்ணீர். அங்கே வீடு ஒழுகுகிறதா? தீபாவளிக்கு வராததற்கு அம்மா வருத்தப்பட்டிருப்பார். லீவு கிடைக்கவில்லை.

ஆபீஸ் எப்படி என்று அப்பா கேட்டதாக எழுதியிருந்தாய். அப்படியேதான் இருக்கிறது என்று சொல்.

கறுப்பு வெளுத்திருப்பதற்குக் காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தீர்ந்த டப்பாவில் மறுபடி பொடி நிரப்பி ஓட்டுகிறார்கள். அந்தப் பொடி சரியாக உருகாது. புது டப்பா மாட்டுகிற அன்றைக்கு எடுத்தால் நன்றாக வரும். தாளும் நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைத் தாள் ரொம்பத் தடிமன், சூடு உள்ளே ஏறாது. வாரப் பத்திரிகைத் தாள் மெல்லிசு, சுருண்டு மாட்டிக்கொள்கிறது. துணிக்கடைக்காரர்கள் தருகிற வழவழ நோட்டீஸ்தான் தோது என்று நினைக்கிறேன். அதில் பூசியிருப்பது பிளாஸ்டிக் இல்லை. மாவு மாதிரி ஒன்று, தண்ணீரில் ஊறும். கொஞ்சம் பொறு. சண்டை மட்டும் போடாதே சீலா, தெம்பில்லை.

தோழி நீ சொன்னபடி வெந்நீர் வைக்கிறாள்.
மலர்


மரக்காணம்
8-1-2006

என் அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

ஷஃபியின் அண்ணன் துபாயிலிருந்து ஒரு பழைய லேசர் பிரிண்டர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பொடி டப்பா இன்னும் வரவில்லை, ஆனால் ஷஃபி கடையில் ஏற்றிவைத்து ஊரையே கூப்பிட்டுக் காட்டுகிறான். நானும் போனேன். மீதி இருந்த போட்டோ பேப்பரில் ஒன்றை எடுத்து, உள்ளே போகுமா என்று பிரிண்டரின் வாயில் வைத்துப் பார்த்தேன். பாய்ந்து வந்து கையைப் பிடித்துவிட்டான்.

"டேய், டேய், எடுப்பா! இது மை பிரிண்டர் தாளு. மேல பிளாஸ்டிக் பூசியிருக்குது. லேசருக்குள்ள ஒரு உருளை கொதிச்சிக்கினு இருக்கும். இது போனா உருகி அதுல சுத்திக்கும், மிஷினே காலி. எங்க அண்ணன் ஆபீஸ்ல ஒருத்தன் இப்படித்தான் பண்ணான். மறுநாளே சீட்டக் கிழிச்சிட்டாங்க."

நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "ஏம்பா, ஒரு மாதிரி ஆயிட்ட?" என்றான். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

ஜூலையிலிருந்து நீ எழுதாதது, ஆபீஸுக்கு எழுதாதே என்றது, ஜெராக்ஸ் கடை, பொடி டப்பா மாற்றுகிற நாள் வரைக்கும் உனக்குத் தெரிந்திருப்பது, எல்லாவற்றையும் உப்பளத்துக் கரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கறுப்பு ஏன் வெளுத்திருக்கிறது என்று உன்னோடு சண்டை போட்டிருக்கிறேனே, நான் மனுஷனா? அழுகை வந்தது. அழுதேன்.

அம்மாவிடம் எண்ணெய் காய்ச்சி வாங்கி, இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். பாட்டிலைத் துணியில் சுற்றியிருக்கிறது, பார்த்துப் பிரி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் தோழியின் பேர் என்ன, அக்கா?

ஜெயா


சைதாப்பேட்டை
17-1-2006

என் சீலனுக்கு,

எண்ணெய் சிந்தாமல் வந்தது. பொங்கலுக்கு அம்மா கையால் சாப்பிட்ட மாதிரி இருந்தது, அந்த வாசனை.

தோழியின் பேர் உனக்குத் தெரிந்த பேர்தான்.

தாள் உள்ளே போனது, வெளியே வரவில்லை. ஆபீஸ் முழுக்க நாற்றம். யார் கொடுத்த தாள் என்று மேனேஜர் கேட்டார். என்னுடையது என்றேன். அன்றைக்கே கிளம்பச் சொல்லிவிட்டார். இப்போது கோர்ட் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். கடைக்குள் ஒரே நாற்காலி, அதில் ஓனர் உட்கார்ந்திருப்பார். காலையில் மிஷின் முன்னால் நின்றால் பொழுது போய்விடும். பழகிவிடும் என்கிறார்கள். பழகவில்லை.

உன் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். 'உட்கார்ந்த இடத்தில் ஒரு பட்டன்' என்று எழுதியிருந்தாயே, நின்றுகொண்டு அந்த வரியை எத்தனை தடவை நினைத்தேன் தெரியுமா? திட்டி எழுதலாம் என்று பேனாவை எடுப்பேன். எடுத்தால் அப்பா கால் ஞாபகம் வரும். அப்புறம் யாரைத் திட்டுவது?

போகட்டும். கடையில் கம்ப்யூட்டரும் லேசரும் இருக்கின்றன, கோர்ட் மனு அடிப்பதற்கு. நேற்று லேசரில் புது டப்பா மாட்டினார்கள். ஓனரிடம் இப்போதுதான் துணிந்து கேட்டு, உன் பிளாப்பியைப் போட்டு, ஒரு புடவைக் கடையின் பொங்கல் நோட்டீஸில், ஒரு பக்கம் காலியாக இருந்ததில் எடுத்திருக்கிறேன். பெரிதாகவில்லை, ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டேன். எழுத்து திரும்பித்தான் இருக்கிறது. விரலால் தொடாதே.

அப்பாவிடம் சொல்லாதே. வீட்டில் ஒருத்தியாவது உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அது அப்படியே இருக்கட்டும்.

அக்கா


மரக்காணம்
5-2-2006

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். நான் நலம். அப்பாவும் நலம் என்று இந்த முறை சேர்த்தே எழுதுகிறேன்.

ஒட்டிவிட்டது! இஸ்திரி போட்டு, வாளியில் ஊறவைத்தேன். நோட்டீஸ் தாள் மாவாகக் கரைந்து உரிந்தது. புடவைக்காரி படம் தண்ணீரோடு போனாள், உன் கோடுகள் ஒன்று அறாமல் செம்பில் நின்றன. அப்பா பேர் நேராக விழுந்திருந்தது. ஐ.சி. அலுங்காமல் இறங்கியது.

கொட்டகையில் மாட்டினேன். அப்பா நம்பவில்லை. முதல் நாள் ராத்திரி அங்கேயே இருந்து பார்த்தார். தண்ணீர் இறங்கியதும் மோட்டார் தானாக நின்றது. ஊறி ஏறியதும் ஓடியது. விடிந்ததும் முதலாளி வந்து பார்த்துவிட்டு, "பரவால்லையே. சரி, ராத்திரிக்கு வூட்டுக்குப் போய்ப் படு" என்றார், அவ்வளவுதான். அப்பாதான் சும்மா இருக்கவில்லை. உப்பளத்தில் எல்லோரையும் கூட்டிவந்து, "எம் பையன் வரைஞ்சான், எம் பொண்ணு ஆபீஸ்ல உக்காந்து அடிச்ச தாளு இது" என்று காட்டினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். இப்போது வீட்டில் படுக்கிறார். கால் காய்ந்து வருகிறது. விரலுக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கொட்டகையில் இருந்த அந்த ஸ்டூல் இனி யாருக்கும் வேண்டாம். முதலாளியைக் கேட்டு எடுத்துவந்துவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கண்டக்டர் தட்சணாமூர்த்தி கொண்டுவருவார், கிண்டியில் வாங்கிக்கொள். உன் ஓனரிடம் கேட்டு, மிஷின் பக்கத்தில் போட்டுக்கொள். சம்மதிக்காவிட்டால் நானே வந்து கேட்கிறேன்.

கட்டி வைக்கும்போது அப்பா பார்த்துவிட்டார். "எங்கடா எடுத்துட்டுப் போற?" என்றார். "அக்கா ஆபீஸுக்கு. அங்க வர்றவங்க உக்கார ஸ்டூல் பத்தலையாம்" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

கட்டை அவிழ்க்கச் சொன்னார். என் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து, ஸ்டூலை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார். உப்பு அரித்துச் சிராய் சிராயாக நின்றதெல்லாம் வழவழப்பாகும் வரை விடவில்லை. கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். "எடுத்துட்டுப் போ. அவ உக்காந்திருக்கும்போது வந்தவங்க நிக்கக் கூடாது" என்றார்.

பதிலை உட்கார்ந்துகொண்டு எழுது.

தம்பி
ஜெயசீலன்